நாடி பார்க்காத மருந்து

லெத்பிரிட்ஜ், அல்பேர்ட்டா
15.01.2006

அன்புள்ள யோசெப்பின் அக்கா,

நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பிய படம் கிடைத்தது. பேனாட் அத்தானுக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று நான் இவரிடம் கேட்டேன். "உன்ரை கொக்காதான், வேறை ஆர்?" என்று அருமைராசா சிரித்தார். பதினொரு கிலோ குறைந்துவிட்டது, ஒரு கொரிய வைத்தியர் தந்த மூலிகைக் கஷாயம் என்று படத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் ஒரே போன் இவருடைய கைப்பேசி. இவர் பக்கத்தில் இருக்க இதையெல்லாம் கதைக்க எனக்கு வெட்கம்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, என்னோடு மரக்கறித் தொழிற்சாலையில் வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் மனுசி ஒருத்தி என் வயிற்றில் கையை வைத்து, எத்தனை மாதம் என்று கேட்டா. அன்பாகத்தான் கேட்டா. நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ஐந்து" என்று சொல்லிவிட்டேன், அக்கா. அந்த மனுசி என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினா. திங்கட்கிழமை வேலைக்குப் போனால் எனக்கு உட்கார ஒரு கதிரை போட்டிருந்தார்கள். பிறகு நானே அவவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், அது பொய் என்று சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம்.

கலியாணம் முடித்து ஆறு வருசம். எனக்கு மாதம் ஒழுங்காக வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உடம்பைக் குறைத்தால் பிள்ளை தங்க வாய்ப்பு உண்டு என்று இங்கத்தை டொக்டர் சொல்கிறார். எண்பத்துமூன்று கிலோ இருக்கிறேன். எவ்வளவோ செய்து பார்த்துவிட்டேன். உங்கள் வைத்தியரிடம் எனக்கும் கேட்டுப் பாருங்கள்.

தங்கச்சி ஜென்சி


நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்
02.02.2006

அன்புத் தங்கச்சி,

கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வைத்து வாசித்தேன். சென்ட் லோரன்ட் வந்து இறங்கும்வரை மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தடிமன் என்று நினைத்துத் தள்ளி இருந்துவிட்டார்.

சனிக்கிழமை டொக்டர் யுன்னிடம் போனேன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை, ஒரு டெப்பனருக்கு, அதுதான் மூலைச் சில்லறைக் கடைக்கு, மேல்மாடி. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். பிறகு இரண்டு கையிலும் மூன்று விரலை வைத்து நாடி பார்ப்பார். அந்த நேரம் வாயே திறக்க மாட்டார், எங்களையும் திறக்க விட மாட்டார். அதற்குப் பிறகுதான் கேள்வி: நித்திரை எப்படி, வயிறு எப்படி, மாதம் எப்படி என்று. அவரவர் உடம்புக்குத் தகுந்த மாதிரி மருந்தைக் காய்ச்சி, சின்னச் சின்னப் பையில் அடைத்துத் தருவார்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். நேரே பார்க்காமல் முதல் மருந்து தரமாட்டாராம். "அவள் போனில் எல்லாம் சொல்லுவாள் டொக்டர், நான் மொழிபெயர்க்கிறேன்" என்றேன். "போனில் அவர் சொல்வதைக் கேட்கலாம். சொல்லாததை எப்படிக் கேட்பது?" என்றார். ஒரு தரம் நேரே வந்தால் போதும், அதற்குப் பிறகு போனில் கதைத்துத் தபாலில் எடுக்கலாம். வடக்கே செத்தீல் என்ற தூரத்து ஊரிலிருந்து ஒரு வயதான மனுசி அப்படித்தான் எடுக்கிறாவாம்.

அதனால் நீ ஒருக்கா வந்துவிட்டுப் போ. பத்து நாள் நில்.

அக்கா


லெத்பிரிட்ஜ்
14.02.2006

அன்புள்ள அக்கா,

லீவு கேட்டேன். கோடை வரைக்கும் கிடையாது என்றுவிட்டார்கள். இவரும் ஏன் திடீரென்று மொன்றியல் என்று கேட்பார். மருந்து என்று சொன்னால், "நீ உள்ளபடி இரு, எனக்கு ஒரு குறையும் இல்லை" என்பார். அவர் அப்படிச் சொல்வதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். ஒரு நாள் கூட அவர் என்னைக் குறை சொன்னதில்லை.

கோடை வரை இன்னொரு அரை வருசம். எனக்கு முப்பத்தாறு முடிகிறது. நீங்கள் இன்னுமொரு தரம் கேட்டுப் பாருங்கள் அக்கா. சின்ன வயதிலிருந்தே நீங்கள் கேட்டு ஒருத்தரும் மறுத்ததில்லை.

ஜென்சி


மொன்றியல்
03.03.2006

அன்புத் தங்கச்சி,

பெட்டியைத் திறந்ததும் இந்தக் கடிதம்தான் கையில் வரும் என்று மேலே வைத்திருக்கிறேன். கீழே அறுபது பை இருக்கிறது. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. சுடுதண்ணீரில் பையோடு வைத்துச் சூடாக்கிக் குடி. கசக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்துவிடு.

டொக்டர் ஒருமாதிரிச் சம்மதித்தார். எப்படி என்று கேளாதே. எல்லாம் என் வாயால்தான். கிழமைக்குக் கிழமை நிறையை எழுதி அனுப்பு, நான் இங்கே சொல்லி அடுத்த மருந்தை எடுக்கிறேன். நீ அவருக்குப் போன் பண்ண வேண்டாம். அவருடைய ஆங்கிலம் உனக்கு விளங்காது.

அக்கா


லெத்பிரிட்ஜ்
09.04.2006

அன்புள்ள அக்கா,

எழுபத்தெட்டு! போன வருசம் பூட்டுப்படாத கால்சட்டை பூட்டுப்படுகிறது. ஈஸ்டருக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போகப் போகிறேன். இவர் நேற்று என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன, சாப்பிடுறேல்லையோ?" என்றார். கொக்கா ஒரு சத்துக் கஷாயம் அனுப்புகிறா என்று சமாளித்தேன்.

இரண்டு விசயம் டொக்டரிடம் கேட்க வேண்டும். ஒன்று, பின்னேரம் குடித்தால் நெஞ்சு படபட என்று அடிக்கிறது, நித்திரை வருவதில்லை. மற்றது, மாதம் வந்து ஏழு கிழமைக்கு மேலாகிவிட்டது. எனக்கு முந்தியும் இப்படிப் பிந்தியிருக்கிறது, ஆனால் இந்த முறை காலையில் ஓங்காளமும் வருகிறது. மருந்தின் கசப்பாலா? மறக்காமல் கேளுங்கள். நான் வேறொன்றும் நினைக்கவில்லை. நினைத்து நினைத்து ஏமாந்தது காணும்.

ஜென்சி


மொன்றியல்
20.04.2006

அன்புத் தங்கச்சி,

கால்சட்டைக் கதையை அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன்.

கேட்டேன். நெஞ்சு படபடப்பது அந்த மருந்தின் குணமாம். பின்னேரம் அரைப் பை குடி. மற்றதும் பயமில்லையாம். உடம்பு கெதியாகக் குறையும்போது மாதம் பிந்துவது வழக்கமாம், ஓங்காளம் வெறும் வயிற்றில் குடிப்பதால். ஒரு பிஸ்கற் சாப்பிட்டுவிட்டுக் குடி.

அடுத்த அறுபது பை இதோடு வருகிறது. விடாதே, பாதித் தூரம் வந்துவிட்டாய்.

அக்கா


லெத்பிரிட்ஜ்
11.06.2006

அக்கா,

மே இருபத்தேழு, சனிக்கிழமை. வேலையில் இருக்கும்போது வயிற்றைப் பிடித்தது. கழிவறைக்குப் போனேன். அந்தப் பிலிப்பைன்ஸ் மனுசிதான் கதவைத் தட்டித் திறந்து என்னைத் தூக்கினா.

பதினான்கு கிழமை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் கர்ப்பமாக இருந்தது எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார்கள். அக்கா, எனக்கு ஒரு பிள்ளை இருந்தது என்பதையும் அது இல்லை என்பதையும் நான் ஒரே வசனத்தில்தான் கேட்டேன்.

ஏதாவது மருந்து எடுத்தாயா என்றார்கள். கைப்பையில் ஒரு பை மருந்து இருந்தது, காட்டினேன். அதில் என்ன இருக்கிறது என்று அறிய டொக்டர் யுன்னின் நம்பரைக் கேட்டார்கள். நம்பர் அந்த மருந்துப் பையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரிப் போனிலிருந்து நானே எடுத்தேன். என் பெயரைச் சொன்னேன். அங்கே இருந்த பெண் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியொரு நோயாளி இல்லை என்றாள். அல்பேர்ட்டாவுக்கு மருந்து அனுப்பியதே இல்லை என்றாள். உங்கள் பெயரைச் சொன்னேன். ஓம், அவருக்குப் போன கிழமையும் கொடுத்தோம் என்றாள்.

நான் யாருடைய மருந்தைக் குடித்தேன்?

ஏப்ரலில் நான் கேட்கச் சொன்னதை நீங்கள் கேட்டீர்களா?

ஜென்சி


மொன்றியல்
25.06.2006

ஜென்சி,

நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். போன் எடுத்தேன், அருமைராசா "அவ கதைக்கிற நிலையிலை இல்லை" என்று வைத்துவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர் குரலில் விளங்கியது. இதை நீ வாசிப்பாயோ தெரியாது.

டொக்டர் சம்மதிக்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டபோதும் மாட்டேன் என்றார். நான் படியால் இறங்கி டெப்பனர் வாசல்வரை வந்துவிட்டேன். உன் கடிதம் கைப்பையில் இருந்தது. திரும்பி ஏறிப் போய், எனக்கு உடம்பு மறுபடியும் கூடுகிறது, மருந்து தாருங்கள் என்றேன். என் நாக்கைப் பார்த்தார். என் கையில் நாடி பார்த்தார். என் பெயரில் எழுதினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தானே, எனக்குச் சரிவந்தது உனக்கும் சரிவரும் என்று நினைத்தேன். இரண்டாவது பெட்டியும் அதற்குப் பிறகு எடுத்ததும் போனில் கேட்டு எடுத்தது. நேரே போனால் என்னைப் பார்த்தவுடன் நிறை குறையவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் உன் நிறையை என் நிறை மாதிரிப் போனில் சொன்னேன். கடைசியாக எடுத்த பெட்டி இங்கே அலுமாரிக்குள் இருக்கிறது, இனி அனுப்பமாட்டேன்.

நெஞ்சு படபடப்பைக் கேட்டேன். எனக்கு என்று சொல்லிக் கேட்டேன். அரைப் பை குடி என்றது அவர்தான்.

மற்றதைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? எனக்குக் கர்ப்பப்பை எடுத்து இரண்டு வருசம், அது அவருடைய கோப்பில் இருக்கிறது. மாதம் பிந்துகிறது என்று நான் சொன்னால், அந்தக் கணமே எல்லாம் வெளியில் வந்துவிடும். அதனால் நானே ஒரு பதிலை எழுதினேன். பிஸ்கற் சாப்பிடச் சொன்னதும் நான்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை. நீ ஓங்காளம் என்று எழுதியதை வாசித்தபோது, பிள்ளையாக இருக்குமோ என்று எனக்கு ஒரு நிமிடம் பட்டது. ஜெயனியை வயிற்றில் சுமந்தவள் நான், எனக்குத் தெரியாதா? ஒரு பரிசோதனை செய்து பார் என்று எழுதப் பேனையை எடுத்தேன். போன தடவைகளில் நீ அப்படி நம்பி, பிறகு ஒரு மாதம் சாப்பிடாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. உன்னை ஐந்தாம் தரம் ஏமாற்றக்கூடாது என்று பேனையை வைத்தேன். அது மட்டும்தான் காரணம் என்றும் சொல்லமாட்டேன். என் பொய் பிடிபடும் என்ற பயமும் இருந்தது. எது கூட, எது குறைய என்று எனக்கே தெரியவில்லை.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இராதே.

அக்கா


மொன்றியல்
06.08.2006

ஜென்சி,

ஆறு கிழமையாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லைதான்.

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கடவுளிடம் சொன்னது போதாது, அந்த வைத்தியரிடமும் சொல் என்றார். நேற்றுப் போனேன். டொக்டர் வழக்கம்போல என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையைக் கொடுக்கவில்லை. முழுவதையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். என் கோப்பை எடுத்து, கர்ப்பப்பை அகற்றப்பட்டது என்று எழுதியிருந்த வரியை எனக்குக் காட்டினார். "இது இருந்தபடியால்தான் நான் கேட்கவில்லை. பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றால் ஒவ்வொரு முறையும் கேட்பேன். நாடியில் சிறிது சந்தேகம் வந்தாலும் பரிசோதனைக்கு அனுப்புவேன். கர்ப்பம் என்றால் இந்த மருந்தைத் தொடவும் விடமாட்டேன்" என்றார்.

"மருந்தால்தானா டொக்டர்?" என்று கேட்டேன்.

"தெரியாது. அந்தக் கிழமைகளில் காரணமே இல்லாமலும் கலையும். அவரை நான் பார்க்கவில்லை. பார்க்காத ஒருவரைப் பற்றி ஆம் என்றும் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன்."

பிறகு, உனக்கு அனுப்பிய மருந்தில் இருந்த மூலிகைகளின் பெயரையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். உன் ஆஸ்பத்திரியில் கொடுக்கச் சொன்னார். இதோடு வைத்திருக்கிறேன்.

இனிமேல் ஒருத்தருக்கும் போனில் மருந்து இல்லையாம். நான் வெளியே வரும்போது, அங்கே வேலை செய்யும் பெண் செத்தீல் மனுசிக்குப் போனில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுபது வயதில் அவ இனிப் பஸ்ஸில் ஒரு நாள் முழுக்க இருந்து வரவேண்டும். அவ உண்மை சொல்லித்தான் மருந்து எடுத்தா.

யோசெப்பின்


லெத்பிரிட்ஜ்
10.09.2006

அக்கா,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. டொக்டரின் தாளை ஆஸ்பத்திரியில் கொடுத்தேன். அவர்களும் தெரியாது என்றுதான் சொல்கிறார்கள். தெரியாது என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

உங்களுக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இவரால்தான் எழுதுகிறேன்.

மே மாதம் நாங்கள் வீடு மாறினோம். மூன்றாம் மாடி. மெத்தையை ஏற்றும்போது ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். அதனால்தான் பிள்ளை போனது என்று இவர் முடிவு கட்டிவிட்டார். அந்த மெத்தையைக் கொண்டுபோய் எறிந்துவிட்டு, வெறும் நிலத்தில் படுத்தார். கடையில் பால் வாங்கினால் கூட என்னைத் தூக்க விடுவதில்லை. "நான்தானே உன்னைப் பிடிக்கச் சொன்னனான்" என்று சாப்பிடும்போது சொல்வார், கார் ஓட்டும்போது சொல்வார். மூன்று மாதம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். உங்கள் பொய்யை நான் எப்படித் திட்டுவது? நானும் அதையேதானே செய்தேன்.

போன ஞாயிறு சொன்னேன். சத்துக் கஷாயம் என்று சொன்னது என்ன, யாருடைய பெயரில் வந்தது, எல்லாம். உங்கள் கடிதங்களையும் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு கீழே போய்க் காருக்குள் இருந்து வாசித்தார். யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே வந்து, "மெத்தை இல்லையெண்டு சொல்லுறியோ?" என்று கேட்டார். "தெரியாது, ஆனா மெத்தை எண்டு நான் நினைக்கேல்லை" என்றேன். அப்போதுதான் அவர் அழுதார். மே மாதத்திலிருந்து அவர் அழுது நான் காணவில்லை.

உங்களோடு அவர் கதைக்கமாட்டார். அதை உங்களுக்குச் சொல்லச் சொன்னார். என்னைக் கதைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜென்சி


மொன்றியல்
24.09.2006

தங்கச்சி,

நீ எழுதினாய், அது போதும். அருமைராசா செய்வது நியாயம். நான் வருந்துகிறேன் என்று அவரிடம் சொல்லாதே, அது அவருக்கு இன்னும் பாரம்.

எப்போதாவது இங்கே வர மனம் வந்தால் ஜெயனியின் அறை இருக்கிறது. வரவேண்டும் என்று கேட்கவில்லை, இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அத்தானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள், "அவளுக்கு என்ன சமைச்சுக் குடுத்தாலும் உன்ரை கையாலை சாப்பிடுவாளோ?" என்று கேட்டார்.

அக்கா


லெத்பிரிட்ஜ்
22.10.2006

அன்புள்ள அக்கா,

நாங்கள் மொன்றியலுக்கு வந்துவிட்டுத் திரும்பிவிட்டோம். டொக்டர் யுன் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார், அவர் அப்படிப்பட்ட மனிதர் இல்லை. வேறு யாரும் சொல்ல முன்னம் நானே சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன்.

அந்த டொக்டரை நேரே பார்க்கவேண்டும் என்று இவர்தான் பிடிவாதமாக நின்றார். லீவு எடுத்து, இரண்டரை நாள் பஸ்ஸில் வந்தோம். கர்க்லாண்டில் இவருடைய சிநேகிதர் குணரத்தினம் வீட்டில் தங்கினோம். சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று நான் பயந்தேன். படி ஏறும்வரை அவருடைய முகம் அப்படித்தான் இருந்தது.

டொக்டர் என் இரண்டு கையையும் பிடித்தார். நீங்கள் எழுதின மாதிரியே வாய் திறக்கவில்லை. இவர் என் ஆங்கிலத்துக்கு உதவி செய்ய வாய் எடுத்தார், டொக்டர் கையைக் காட்டி நிற்பாட்டிவிட்டார். பிறகு கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். வெட்கப்படவில்லை. யாரும் எனக்காகச் சொல்லவில்லை. என் பிழை ஆங்கிலத்திலேயே அவருக்கு எல்லாம் விளங்கியது அக்கா.

கடைசியில் எழும்பி நின்று, எங்கள் இரண்டு பேருக்கும் தலை குனிந்தார். "என்னுடைய மருந்து உங்களிடம் வந்தது. நான் வரவில்லை. மன்னியுங்கள்" என்றார். சண்டைக்கென்று வந்த இவர், "இனி எங்களுக்குப் பிள்ளை வருமோ?" என்று மட்டும் கேட்டார். வரும் என்று என்னால் வாக்குத் தரமுடியாது, வராது என்று சொல்ல எதையும் நான் காணவில்லை என்றார் டொக்டர். மருந்து ஒன்றும் தரவில்லை. சாப்பிடு, நித்திரை கொள், உன்னுடைய ஊர் டொக்டரை விடாதே என்று அனுப்பினார்.

அங்கிருந்து உங்கள் வீடு பத்து நிமிட நடை என்று எழுதியிருந்தீர்கள். இவரை டெப்பனர் வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு நான் தனியே வந்தேன். எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். நீங்கள் வேலை முடிந்து வந்து இறங்கினீர்கள். நீலக் குளிர்ச்சட்டை, ஒரு கையில் மரக்கறிப் பை. கூப்பிட்டால் கேட்கும் தூரம். வாசலில் திறப்பைத் தேடிக்கொண்டு நெடுநேரம் நின்றீர்கள். கையுறையைக் கழற்றினால் கெதியாக எடுக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. நீங்கள் உள்ளே போய், மேலே வெளிச்சம் போட்டபிறகு நான் திரும்பி வந்தேன்.

என்மேல் கோபிக்க வேண்டாம். முன்னுக்கு வந்து நின்றால் நான் உங்களைக் கட்டிப்பிடித்திருப்பேன், அது எனக்குத் தெரியும். கட்டிப்பிடித்தால் எல்லாம் சரி என்று ஆகிவிடும். இன்னும் சரி இல்லை அக்கா. எப்போது சரிவரும் என்றும் தெரியாது. நீங்கள் இங்கே வரவேண்டாம், போனும் எடுக்கவேண்டாம். எழுதினால் வாசிப்பேன்.

ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். அது பெண் பிள்ளை என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் இதுவரை ஒருத்தருக்கும் எழுதவில்லை. இவரும் நானும் திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு பெயர் வைத்தோம். நவம்பர் இரண்டாம் திகதி இறந்தவர்களுக்கான பூசையில் இங்கே எங்கள் கோயிலில் அந்தப் பெயரைக் கொடுக்கிறோம். இங்கே தமிழில் வாசிக்க ஆள் இல்லை. உங்கள் கோயிலில் தமிழ்ப் பூசை இருக்கிறது. அங்கே நீங்கள் கொடுங்கள். பெரியம்மா கொடுத்ததாக எழுதுங்கள்.

றோசா. அருமைராசா றோசா.

ஜென்சி